நல்லா ஆயிடுமா?

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் அரிவாள்மனை இருக்கிறது. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. பலாப் பலகை, நாற்பத்தேழு வருஷம் கால் வைத்து அழுத்தியதில் ஒரு பக்கம் வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கும். 2018 ஜனவரியில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, அம்மா அதை ஈரத்துணியால் துடைத்தாள். இரும்பில் எண்ணெய் தடவினாள். அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினாள்.

"மேல வச்சிடு தம்பி. இனிமே கீழ உக்காந்து நறுக்குற வேலை இல்ல."

மறுநாள் அவளுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நல்லா ஆயிடுமா?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என் இடது தோளுக்காக அதே கேள்வியை நான் ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகிவிட்டது. ஆனால் 'நல்லா' என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்பதையும், அந்த அர்த்தத்தைக் கத்தி வைப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்பதையும் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

*

1991 பொங்கல். எனக்குப் பதினெட்டு வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திடலில் கபடிப் போட்டி. பாடிக்கொண்டு உள்ளே போனவன் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஓரத்தில் நின்றவன் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கோட்டைத் தொட உடம்பை முன்னால் எறிந்தேன். உடம்பு வந்தது, கை வரவில்லை. முதுகில் ஒருவன் விழுந்தான். தோளுக்குள் மெத்தென்று ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்து பார்த்தால் தோளின் உருண்டை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

"கை இறங்கிப்போச்சுடா" என்று யாரோ கத்தினார்கள்.

பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியர் என்னைத் தரையில் படுக்கப் போட்டு, அக்குளில் தன் குதிகாலைக் கொடுத்து, கையை நிதானமாக இழுத்தார். 'தளுக்'கென்று உள்ளே போனது. இதே முறையை 2,400 வருஷத்துக்கு முன்பு கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் போட்டுப் பத்து நாள் கட்டியிருந்தார். வலி போனது. வலி போனால் நோய் போனது என்று நம்பினேன்.

அடுத்த எட்டு வருஷத்தில் அந்தத் தோள் இன்னும் ஒன்பது தடவை இறங்கியது. முதலில் ஆட்டத்தில். பிறகு குளத்தில் நீந்தும்போது. பிறகு தஞ்சாவூர் பஸ்ஸில்: மேல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன், டிரைவர் பிரேக் போட்டார், அவ்வளவுதான். கடைசியில் தூக்கத்தில். கையைத் தலைக்கு மேல் நீட்டிப் புரண்டு படுத்தவன் அலறிக்கொண்டு எழுந்தேன். அதன் பிறகு பல மாதம் இடது கையைப் போர்வையால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன்.

ஏன் இப்படி என்று எனக்குப் புரியவைத்தவர் 1999ல் எனக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவோமே, தோள் மூட்டு கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். மேல்கை எலும்பின் தலை எலுமிச்சை. தோள்பட்டை எலும்பில் இருக்கும் குழி, கரண்டி. பழம் பெரிது, கரண்டி சிறிது, ஆழமும் கிடையாது. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் எளிதில் நழுவவும் செய்கிறது. கரண்டியின் விளிம்பைச் சுற்றி ஒரு ஜவ்வு வரம்பு கட்டியிருக்கிறது. முதல் தடவை இறங்கும்போது முன்பக்கம் அந்த வரம்பு பிய்ந்துவிடுகிறது. வரப்பு உடைந்த வயலில் தண்ணீர் நிற்குமா? இளம் வயதில் முதன்முறை இறங்கினால் மறுபடி இறங்குவதற்கான வாய்ப்பு மிக அதிகம். இருபது வயதுக்குள் என்றால் பெரும்பாலோருக்கு மறுபடி இறங்கும். நாற்பது வயதுக்கு மேல் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

வரம்பு பிய்வதுதான் இதற்குக் காரணம் என்று தெளிவாக எழுதியவர் லண்டன் அறுவை மருத்துவர் பாங்கார்ட், 1923ல். பிய்ந்த வரம்பை மறுபடி எலும்போடு சேர்த்துத் தைப்பதற்கு இன்றும் அவர் பெயர்தான். இப்போது சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்கிறார்கள். எனக்கு முன்பக்கம் திறந்து செய்தார்கள். நான்கு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது.

"நல்லா ஆயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மறுபடி இறங்காது, அதுக்கான வாய்ப்பு ரொம்ப அதிகம்" என்றார். நான் அதை 'பழையபடி விளையாடலாம்' என்று எடுத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நானும் அப்படிக் கேட்கவில்லை.

ஆறு வாரம் கை தூளியில். பிறகு முன்னால் குனிந்து, கயிற்றில் தொங்கும் வாளிபோலக் கையைத் தளர்த்தி ஆட்டுகிற பயிற்சி. அப்புறம் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துத் தூக்குவது, சுவரில் விரலால் ஏறுவது. ஐந்தாவது மாதத்தில் சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்ததைத் திடீரென்று கவனித்தேன். எட்டு வருஷமாக இடது கையைத்தான் பத்திரமாக முதலில் நுழைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் தோள் குணமானது என்று சொல்வேன்.

2000 பொங்கலுக்கு மறுபடி திடலில் இறங்கினேன். பாடிப் போனேன். அதே இடது கையைப் பிடித்தார்கள். தோள் அசையவில்லை, உறுதியாக நின்றது. ஆனால் கோட்டை நோக்கி உடம்பை எறிய வேண்டிய அந்த நொடியில் என் மனம் உடம்பை விடவில்லை. தையல் ஜவ்வைச் சேர்த்திருந்தது, பயத்தை அவிழ்க்கவில்லை. தோள் எத்தனை தடவை இறங்கியது என்ற எண்ணிக்கையோடு, இறங்கிவிடுமோ என்ற பயத்தையும் மருத்துவர்கள் சோதித்துப் பார்ப்பதுண்டு. கையைக் கல் எறிகிற நிலைக்குக் கொண்டுபோய், மூட்டைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். அன்று மாலையோடு கபடியை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் அணியில் இன்னொருவனுக்கும் இதே கோளாறு. எனக்கு அடுத்த வருஷம் அவனும் அறுவை சிகிச்சை செய்துகொண்டான். மோதி விளையாடும் ஆட்டங்களுக்கு ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். நான்காம் மாதமே வலி இல்லை, கை மேலே போகிறது என்று ஒரு தொடர் போட்டிக்குப் போய்விட்டான். மறுபடி இறங்கியது. பலமுறை நழுவி நழுவிக் குழியின் முன்விளிம்பு எலும்பே தேய்ந்திருந்ததால் இந்த முறை ஜவ்வைத் தைத்தால் போதவில்லை. தோள்பட்டையிலிருந்தே ஒரு சிறு எலும்புத் துண்டை வெட்டி விளிம்பில் திருகாணியால் பொருத்தினார்கள். பிரான்ஸில் லதார்ஜே என்பவர் 1954ல் கொண்டுவந்த முறை அது. அவனும் இன்று நன்றாகத்தான் இருக்கிறான். இரண்டு தழும்பும் இரண்டு மடங்கு செலவும் அவனுக்கு மிச்சம்.

*

அம்மாவின் முட்டி வேறு மாதிரி. அது ஒரு நாளில் கெடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் படி இறங்கும்போது ஆரம்பித்தது. கற்பூராதித் தைலம், முடக்கத்தான் தோசை, நொச்சி இலை ஒத்தடம் என்று வருஷங்கள் போயின. கால்கள் மெல்ல வெளிப்பக்கமாக வளைந்தன. நடக்கும்போது உடம்பு இரு பக்கமும் சாயத் தொடங்கியது.

2009ல் ஒரு தனியார் மருத்துவமனையில், "ரெண்டு துளை போட்டு உள்ளே கழுவி விட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார்கள். அப்பா தன் சேமிப்பிலிருந்து பணத்தைக் கட்டினார். இரண்டு மாதம் அம்மாவுக்குத் தேவலை போலிருந்தது. மூன்றாம் மாதம் பழைய வலி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கு ஏழு வருஷம் முன்பே, 2002ல், அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. தேய்ந்த முட்டிக்காரர்கள் 180 பேர். சிலருக்கு மூட்டைக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு என்ன செய்தார்கள் என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்ததில் வலியிலும் நடையிலும் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இது எனக்குத் தெரியவந்தபோது அப்பா உயிரோடு இல்லை. தேய்மானத்துக்குக் கழுவுதல் மருந்தல்ல என்று அன்று எங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். இதை வாசிப்பவர்களுக்காவது நான் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஏமாற்றத்துக்குப் பின் அம்மா அறுவை சிகிச்சை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. அவளை மாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, வாஜ்பாய். பிரதமராக இருந்தபோது 2000லும் 2001லும் மும்பையில் அவருக்கு இரண்டு முட்டியையும் மாற்றினார்கள். நியூயார்க்கிலிருந்து வந்து செய்தவர் சித்தரஞ்சன் ரணாவத். இன்றைய மூட்டு மாற்றுக்கு அடித்தளமான 1974ஆம் ஆண்டு வடிவமைப்பை இன்சால் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய இந்தியர். "அவரே நடந்தாரே" என்பாள் அம்மா. இன்னொன்று, விலை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டிக்குள் வைக்கும் உபகரணத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. என்னைப் போன்ற ஒரு கணக்கு வாத்தியாரின் குடும்பத்துக்கு அது பெரிய இறக்கம்.

இந்த முறை பார்த்த டாக்டர் எக்ஸ்ரேயை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "நல்லா ஆனதும் என்னம்மா செய்யணும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

அம்மா யோசித்தாள். "பெருமாள் ராஜகோபாலன் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்கு வருவார். தெருவுல நின்னு வெண்ணெய் போடணும். நாலு வருஷமா வாசல்ல நாற்காலி போட்டுத்தான் பாக்குறேன்."

"அது முடியும். வேற?"

"வாசல்ல கோலம் போடணும்."

"நின்னு குனிஞ்சு போடுவீங்களா, குந்தி உக்காந்தா?"

"குனிஞ்சுதான்."

"அப்ப முடியும். ஆனா சம்மணம் போட்டுத் தரையில உக்கார்றது, குந்துறது ரெண்டையும் மறந்துடுங்க. வலி போகும், கால் நேராகும், நடை வரும். அதுக்கு இதைக் கொடுக்கணும். சம்மதமா?"

அன்று வீட்டுக்கு வந்துதான் அம்மா அரிவாள்மனையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை கூடுதலாக இருந்ததால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர இரண்டு மாதம் தள்ளிப்போட்டார் டாக்டர். இந்த அறுவையில் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கிருமித்தொற்று வரலாம், சர்க்கரை இருந்தால் அந்த ஆபத்து கூடும் என்று மறைக்காமல் சொன்னார். அந்த இடைவெளியில் வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை கட்டினேன், கைப்பிடிக் கம்பி பதித்தேன். அம்மா தினமும் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்தாள்.

மூட்டு மாற்று என்ற பெயரே பயமுறுத்துகிறது. முழு மூட்டையும் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவதில்லை. சொத்தைப் பல்லை ராவிவிட்டு மேலே உறை போடுவதைப்போல, தொடை எலும்பின் அடியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தேய்ந்த பரப்பைச் சீவி எடுத்துவிட்டு உலோக உறை பொருத்துகிறார்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு. அறுக்கும் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் ஸ்கூட்டியில் வந்து சொல்லிக்கொடுத்தாள். கட்டிலில் காலை நீட்டி, குதிகாலைச் சறுக்கி இழுத்து முட்டியை மடக்க வேண்டும். மெத்தையில் குதிகால் வழுக்கவில்லை. "பெரிய தாம்பாளம் இருக்காம்மா?" என்று கேட்டாள். கல்யாணத் தட்டு வைக்கும் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டு, மேலே முகப்பவுடரைத் தூவி, அதில் அம்மாவின் குதிகாலை வைத்தாள். சர்ரென்று வழுக்கியது. ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அம்மா புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொள்வாள்.

கோணத்தை அளக்க நான் பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகையில் வரையும் பெரிய மரக் கோணமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். தினமும் இரவு அளந்து, சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் தாளில் எழுதுவேன். வந்த அன்று 55. மூன்று நாள் கழித்து 62. ஒரு நாள் வீக்கம் வந்து 58க்கு இறங்கியது. அன்று அம்மா சாப்பிடவில்லை. பதினைந்தாம் நாள் 90. "இது செங்கோணம்தானே தம்பி?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆறாம் வாரம் 112. மூன்றாம் மாதம் 118, அதற்கு மேல் போகவில்லை. அது போதும், நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறி இறங்கவும் அதற்குள் அடங்கிவிடும். மடக்குவதைவிட முழுக்க நீட்டுவதை நாம் மறந்துவிடுகிறோம் என்பாள் அந்தப் பெண். முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவே அவள் விரல் நுழையாத அளவுக்குக் கால் நேரான பிறகுதான் தினமும் வருவதை நிறுத்தினாள். அந்தக் காலண்டர் தாள்களை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில விஷயங்களும் இருந்தன. தழும்புக்கு வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போனது. கொஞ்சம் சுருங்கியதே தவிர முழுதாக மறையவில்லை. பல மாதம் முட்டி வெதுவெதுவென்று இருந்தது. நடக்கும்போது உள்ளே 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். "ஏதோ கழண்டுபோச்சு" என்று நடுராத்திரி என்னை எழுப்பினாள். உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் போனில் சொன்ன பிறகுதான் படுத்தாள். அந்த வருஷம் செப்டம்பரில் இடது முட்டியையும் மாற்றினோம்.

எங்கள் தெருவிலேயே இன்னோர் அம்மாள் அதே காலத்தில் மாற்றிக்கொண்டார். அவருடைய எக்ஸ்ரே அம்மாவுடையதைவிட அழகாக இருந்தது. வலிக்குப் பயந்து பயிற்சியைப் பத்து நாளில் விட்டுவிட்டார். வீட்டாரும் பாவம் பார்த்து முட்டிக்கு அடியில் தலையணை வைத்தார்கள். அந்தத் தலையணை முட்டியை நீட்ட விடாது. கால் எழுபது டிகிரியில் இறுகிவிட்டது. இன்னொருவர் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தரையில் உட்கார்ந்து பூஜை செய்ய முடியவில்லையே என்று வருந்திக்கொண்டே இருக்கிறார். அவரிடம் அதை யாரும் முன்பே சொல்லவில்லை. மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வைத்த மூட்டு வெகுநாள் உழைக்கிறது. நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 வருஷம் நிற்கின்றன என்று 2019ல் 'லான்செட்' மருத்துவ இதழில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூட்டு நிற்பதும் மனிதர் மகிழ்வதும் இரண்டு வேறு கணக்கு.

*

2019 பங்குனி. மன்னார்குடியில் வெண்ணெய்த்தாழி. தவழும் கண்ணனாகப் பல்லக்கில் ராஜகோபாலன் வந்தார். அம்மா நாற்காலி கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கூட்டத்தில் நேராக நின்றாள். வளைந்த கால்கள் நேரானதில் கொஞ்சம் உயர்ந்தாற்போலவும் தெரிந்தாள். பல்லக்கு நெருங்கியதும் வாழையிலைக் கிண்ணத்திலிருந்த வெண்ணெயை என்னிடம் கொடுத்து, "எனக்கு எட்டாது, நீ போடு" என்றாள். வலது கையால் கூட்டத்தைத் தடுத்து அம்மாவைக் காத்துக்கொண்டிருந்ததால் இடது கையால் எறிந்தேன். தலைக்கு மேலே போய் வீசியது அந்தக் கை. எறிந்த பிறகுதான் எந்தக் கை என்று நினைத்துப் பார்த்தேன்.

அந்தத் தோள் முன்போல வெளிப்பக்கம் முழுக்கத் திரும்பாது. தைத்து இறுக்கியதன் விலை. இப்போது எடுத்த எக்ஸ்ரேயில் அங்கே லேசான தேய்மானம் தெரிகிறது. பலமுறை இறங்கிய தோளுக்குப் பிற்காலத்தில் அப்படி வருவதுண்டாம். எட்டு வருஷம் ஆளாளுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே காலத்தைக் கடத்தியதில் நான் இழந்தது அது. முதல் இரண்டு முறையிலேயே ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். முட்டித் தேய்மானம் அப்படியல்ல. எக்ஸ்ரேயைப் பார்த்து அவசரப்பட வேண்டியதில்லை. எடையைக் குறைத்து, தொடைத் தசையை வலுவாக்கிப் பல வருஷம் ஓட்டலாம். வலி உங்கள் நாளைத் திருடத் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறார்களா? 'நல்லா ஆயிடுமா' என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். நல்லா ஆனதும் என்ன செய்ய ஆசை என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அதில் எது வரும், எது வராது என்று டாக்டரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதாலும் கோபித்தாலும் பயிற்சியை விடாமல் செய்ய வையுங்கள். அம்மா இன்று மேஜைமேல் கத்தியும் பலகையும் வைத்து நின்றபடி காய் நறுக்குகிறாள். வாசலில் குனிந்து புள்ளி வைக்கிறாள். அரிவாள்மனை பரணிலேயே இருக்கிறது.